இலை கிள்ளி அனுப்பிய நொச்சி

1. அழுகையோடு வந்த ஃபோன் கோல்

ஃபோனை எடுத்ததும் ஒரு பெண்ணின் அழுகைதான் கேட்டது. பேச்சு பிறகுதான் வந்தது.

"ராத்தா, நீங்க அனுப்பின பெட்டிய இப்பதான் திறந்தன். உள்ளுக்கு ரெண்டு குச்சிதான் இரிக்கி. ஒரு இலை கூட இல்ல. இத எப்பிடி உம்மாட கபுறுல நடுற?"

நிந்தவூரில், கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு மரக்கன்றுப் பண்ணையில் பார்சல் கட்டும் வேலை எனக்கு. முழங்கால் மக்கர் பண்ணும் வரை அங்கேதான் இருந்தேன். நம் மண்ணின் மரமும் செடியும் மட்டும்தான் விற்போம். புன்னை, பூவரசு, மருது, நாவல், நொச்சி. ஆட்கள் வட்ஸ்அப்பில் கேட்பார்கள், நாங்கள் கூரியரில் அனுப்புவோம். செடி வாடினால், பெட்டி நசுங்கினால், மழை பெய்தால், எல்லாவற்றுக்கும் ஏச்சு வாங்குவது நான்தான். அதனால் அழுகையொன்றும் எனக்குப் புதிதில்லை. ஆனால் கபுறு என்று புதைத்த இடத்தைச் சொன்னதும் கையில் இருந்த இலை நறுக்கும் கட்டரை மேசையில் வைத்துவிட்டேன்.

"அழாதிங்க புள்ள. அது செத்த குச்சி இல்ல. நகத்தால லேசாச் சுரண்டிப் பாருங்க, உள்ளுக்குப் பச்சை தெரியும்."

சுரண்டிப் பார்த்திருப்பாள்.

"உள்ளுக்குப் பச்சை இரிந்து என்ன ராத்தா? வெளிய இல்லியே."



2. பெட்டிக்குள் போகும் செடி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் விளங்காதது இலை கிள்ளுவதுதான். தளதளவென்று நிற்கும் செடியை மொட்டையடித்து அனுப்பச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்?

பொலித்தீன் பையில் வளரும் கன்று சும்மா இருக்காது. அடியில் உள்ள துளையால் வேரை விட்டு நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்கும்போது வேர் அறுந்துபோகும். இலையோ முன்பு போலவே தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கும். இருட்டுப் பெட்டிக்குள், லொறிச் சூட்டில், அறுந்த வேர் எங்கே போகும் தண்ணீருக்கு? ஆகவே இலையைக் கிள்ளிவிட்டு, ஈரத் தேங்காய்த் தும்புத்தூளை வேரடியில் வைத்துச் சுற்றி, பெட்டியில் காற்றுக்குத் துளை போட்டு அனுப்புவோம்.

நான் அம்பாறையைத் தாண்டி எங்கும் போனதில்லை. பெட்டிகள்தான் போயின. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வலைப்பந்தலின் கீழ் உட்கார்ந்தால் கடல் இரைவது கேட்கும். கண் செருகும். அன்று அனுப்பிய நாவல் இப்போது எந்த மலையைச் சுற்றி ஏறுகிறதோ, அங்கே குளிருமோ, யாருடைய முற்றத்தில் இறங்குமோ என்று நினைத்தபடி கிடப்பேன். அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் பண்ணை முதலாளி வந்து, "என்ன, செடியோட நீயும் போயிட்டியா?" என்று கேட்கும்போதுதான் திரும்பி வருவேன்.

3. ஜெஸீமாவின் உம்மா

அழுதவள் பெயர் ஜெஸீமா. கண்டிப் பக்கத்தில் ஒரு மலையூரில் வாழ்க்கைப்பட்டவள். ஓடர் தந்தபோது, "நொச்சி ரெண்டு வேணும். நிந்தவூர் மண்ணுல வளந்ததாப் பாத்து அனுப்புங்க" என்று மட்டும்தான் சொன்னாள். எதற்கென்று அவள் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை, ஊர் ஞாபகத்துக்கு வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் அந்த அழுகைக்குப் பிறகுதான் வெளியே வந்தது. மகளைப் பார்க்கப் போன உம்மா அங்கேயே மௌத்தாகிவிட்டார். இறந்தவரின் உடலை, மையித்தை, நாள் கணக்கில் வைத்திருக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்றைக்கே அந்த மலையூரிலேயே அடக்கிவிட்டார்கள். ஆயுள் முழுக்கக் கடற்காற்றில் இருந்த மனுஷி, யாரையும் தெரியாத ஊரில் கிடக்கிறார்.

கபுறில் பச்சைச் செடி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இலை பசுமையாக இருக்கும் வரை அது இறைவனைத் துதித்து ஓதிக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே இருப்பவருக்கு லேசாகும் என்று நம்புகிறோம். நடுவது ஆண்கள்தான். பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டு உள்ளே திரும்பிவிடுவோம். என் உம்மாவின் கபுறு எந்த இடம் என்று எனக்கும் தெரியாது. பஸ்ஸில் போகும்போது மையவாடி மதிலைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஜெஸீமாவுக்குப் பதிலாக அங்கே போக வேண்டியிருந்தது அந்த நொச்சி. அதன் இலையைத்தான் நான் கிள்ளியிருந்தேன்.

"வெள்ளிக்கிழம உம்மாட பேருல கத்தம் ஓதி, கபுறுல செடி வைக்கிறாங்க. குச்சிய நட்டா ஆக்கள் சிரிப்பாங்களாம் எண்டு எங்கட மச்சான் சொல்றார். பக்கத்து வீட்டுக் குரோட்டன் ஒண்டப் புடுங்கி வைக்கப் போறாராம்" என்றாள். மச்சான் என்றது அவளுடைய கணவரை. "உம்மாக்குக் குரோட்டனக் கண்ணுலயும் காட்ட ஏலா ராத்தா."

அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள்.

4. முதலாளி காக்கா சொன்னது

வேறு இரண்டை இலையோடு அனுப்புவோம் என்று முதலாளி காக்காவிடம் கேட்டேன். செடிக்கு உடனே இரங்குவார், மனிதருக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் இரங்குவார்.

"அனுப்பலாம். பெட்டியத் திறக்கக்குள்ள இலையெல்லாம் கறுத்து அழுகிப் போயிரிக்கும். கபுறுல வைக்கக் கேட்ட புள்ளைக்கிட்ட அதையா குடுக்கப் போற?"

நான் நொச்சி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தக் குச்சிக்கு உயிர் இரிக்கி. அதக் காப்பாத்தச் சொல்லு" என்றார். கடுகடுப்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க நொச்சி வரிசைப் பக்கம் அவர் வரவேயில்லை.

ஜெஸீமாவுக்குக் கோல் எடுத்தேன்.

"வெள்ளிக்கிழமைக்குக் குரோட்டனே போகட்டும். மனிசனோட சண்ட புடிக்காதிங்க. ரெண்டு நொச்சியையும் சட்டியில நட்டு, குசினி ஜன்னலடியில வைங்க. தண்ணிய அள்ளி ஊத்தப்படா, மண் காஞ்சா மட்டும் கொஞ்சம்."

"அது தளிர்க்குமா ராத்தா?"

"தளிர்க்கும். நொச்சி பிடிவாதக்காரி."

"உம்மாவும் அப்பிடித்தான்" என்றாள்.

5. ஜன்னலடியில்

அதன் பிறகு காலையில் ஃபோனைத் திறந்தால் ஒரு படம் இருக்கும். ஜன்னல், அதற்கப்பால் பனிமூட்டம், முன்னால் இரண்டு குச்சிகள். நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. "இண்டைக்குக் கொஞ்சம் பச்சை கூட" என்று எழுதுவாள்.

வேலையில் இருக்கும்போதும் அந்த ஜன்னல் என் மனதில் நின்றது. அந்தக் குசினியை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அடுப்பு எந்தப் பக்கம், வெளிச்சம் எந்த நேரத்தில் வரும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரியே இருந்தது. அவளுடைய உம்மாவும் என்னுடைய உம்மாவும் அங்கே அருகருகே உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதாக ஒருநாள் கனவு கண்டேன். இருவரும் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு படத்தில் கணுவில் மொட்டு தெரிந்தது. அடுத்தடுத்த நாட்களில் அது விரிந்து, விரல் விரலாக இலையானது. அன்று அவள் எழுதவில்லை, கோல் எடுத்தாள்.

"ஒரு இலையக் கசக்கிப் பாத்தன் ராத்தா. சின்னதுல காய்ச்சல் வந்தா உம்மா நொச்சிய அவிச்சி, போர்வையால மூடி ஆவி புடிக்க வைப்பா. அதே வாசம். உம்மா குசினிக்குள்ள வந்து நிக்கிற மாதிரி." பிறகு, "இதக் கபுறுக்கு அனுப்ப மனமில்ல ராத்தா" என்றாள்.

"ஒண்ட வைச்சிக்கிட்டு ஒண்ட அனுப்புங்க" என்றேன்.

செடி நன்றாகத் தழைத்த பிறகு அவளுடைய கணவர் ஒன்றைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் நட்டார். கால்மாட்டுக் குரோட்டனைப் பிடுங்கவா என்று கேட்டாராம். பாவம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்த ஓடர் வந்தாலும் எதற்கு என்று கேட்காமல் நான் கட்டரைக் கையில் எடுத்ததில்லை. கபுறுக்கென்றால் இலை துளிர்த்து வர எவ்வளவு நாளாகும் என்று முதலே சொல்லிவிடுவேன். பார்சல் கட்ட வருகிற பிள்ளைகளே, இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

நட்ட அன்று ஜெஸீமா அனுப்பிய குரல் செய்தி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. பின்னால் அவர்கள் ஊர்ப் பள்ளிவாசலின் பாங்கு கேட்கும்.

"ராத்தா, நீங்க இலையோட அனுப்பியிருந்தா அது பண்ணைட இலையாத்தான் இரிந்திருக்கும். இது நான் தண்ணி ஊத்தி வந்த இலை. நான் அங்க போக ஏலாதுதான். ஆனா உம்மாட தலைமாட்டுல இப்ப ஓதிக்கிட்டிரிக்கிறது என்ட இலை."