கேபின் திரையில் சரிந்த பக்கம்

"ஒன் மிஷின்லதான் பாப்பா எல்லாம் நேரா நிக்கும்."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு டிடிபி அண்ணன் சொன்னது இது. சொல்லிவிட்டு டீ கிளாஸோடு நகர்ந்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் லாட்ஜ் பில் புத்தகமும் அடித்துக் கொடுக்கிறவர். டிகிரி முடித்த பெண் ஒருத்தி வந்தவுடனே தனி நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குப் பொறுக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

கொடைக்கானலில் ஏரிக்கு இறங்கும் சாலையில் இருந்தது எங்கள் கடை. முன்பக்கம் பிரவுசிங் சென்டர், பின்னால் நாங்கள் இருவர், நடுவில் கண்ணாடிக் கேபினில் முதலாளி. வடகவுஞ்சிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு விருந்தினர் விடுதிக்கு இணையதளம் செய்து தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்.

"சீசனுக்கு முன்னாடி விடுதிக்காரம்மா பாத்து சரின்னு சொல்லணும். இல்லேன்னா மதுரைல ஒரு கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துருவேன். நீ முன்னாடி ஒக்காந்து பிரவுசிங் டோக்கன் குடுக்கலாம்" என்றார்.

டோக்கன் கொடுப்பது கேவலமான வேலை அல்ல. ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவள் நான். அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பெருமாள்மலைக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போனவர்கள். அந்த நாற்காலியை விட எனக்கு மனமில்லை.

பக்கம் அப்படியொன்றும் கடினமானதல்ல. இடது பக்கம் விடுதியின் படம், வலது பக்கம் அதைப் பற்றிய விவரம். எது எங்கே நிற்க வேண்டும், எதற்கு எவ்வளவு இடைவெளி என்று சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதிவைத்தேன். படத்துக்கு இடப்புறம் இருபது பிக்சல், அதாவது இருபது திரைப்புள்ளி, இடம் விட்டேன். என் திரையில் கோடு பிடித்தாற்போல் நின்றது. எல்லாருடைய வேலையையும் கேபின் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும் என்பது கடையின் வழக்கம். என் இடத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக அதில் சேமித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை திறந்தால் படம் ஒடுங்கியிருந்தது. விடுதி வாசலில் நின்ற பேரிக்காய் மரம் கம்பம்போல மெலிந்து கிடந்தது. வலது ஓரத்தில் வெறும் வெள்ளை. தலைப்புக்கு முன்னால் யாரோ வரிசையாக வெற்றிடங்களைத் தட்டி அதை நடுவில் தள்ளியிருந்தார்கள். சரிசெய்தேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஸ்பேஸ் தட்டித் தலைப்பை நடுவில் கொண்டுவருவது பத்திரிகை அடிக்கிறவர்களின் பழக்கம். யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்கவில்லை. சாட்சி வேண்டும் என்றிருந்தேன். அவர் டீ வேண்டுமா என்று கேட்டால்கூட எதற்குக் கேட்கிறார் என்று யோசித்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை.

"எங்க தோட்டத்துல நிறுவைக்கு வச்ச கொழுந்துச் சாக்கே மாறிப்போயிரும் பிள்ளை. நான் என்னா செய்வேன், ஒடுத்துன சீலையில நூல் உருவி சாக்குக் கழுத்துல ஒரு முடிச்சுப் போட்டுவைப்பேன். ஒன்ட சோலியில நீயும் ஒரு முடிச்சுப் போடு."

மறுநாள் போட்டேன். கோப்புக்குள், திரையில் தெரியாத ஒரு குறிப்பு வரி: 'படத்தின் அகலம் 240.' அடுத்த காலையில் என் குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே படத்தின் அகலம் 200 ஆகியிருந்தது. கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம் காலை எட்டேகால். நான் கடைக்கு வருவதே ஒன்பதரைக்குத்தான். எட்டு மணிக்குச் சாவியோடு வந்து கடையைத் திறப்பவர் டிடிபி அண்ணன்.

அதற்கு மறுநாள் விடுதிக்காரம்மா பக்கத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று பெருமாள்மலையில் ஏழரை பஸ்ஸையே பிடித்தேன். பால் கேன்களுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றபடி, அண்ணனிடம் என்னென்ன கேட்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. கேபினில், முதலாளியின் நாற்காலியில், மப்ளரைக் கழற்றாமல் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, என் ஃபைல்ல ஒங்களுக்கு என்ன சோலி?"

அவர் திடுக்கிடவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வந்துட்டியா? ஷட்டர எறக்கிட்டு வா, குளுருது."

"ரெண்டு வாரமா கெடுக்குறது நீங்கதானே?"

"கெடுக்குறேனா? இங்குட்டு வந்து பாரு தாயி."

கூப்பிடாமல் நான் அந்தக் கேபினுக்குள் போனதே இல்லை. முதலாளி கூப்பிட்டாலொழியப் போவதில்லை என்று ஒரு வீம்பு. அன்று போனேன். முந்தைய மாலை நான் சேமித்த பக்கம் அந்தத் திரையில் இருந்தது. வலது பக்கம் நிற்க வேண்டிய விவரமெல்லாம் படத்துக்குக் கீழே சரிந்து விழுந்திருந்தது. அது பழைய கம்ப்யூட்டர், அதிலிருந்த பிரவுசரும் பழையது. என்னுடையதில் நான் புதிதாக வேறொன்றை இறக்கி வைத்திருந்தேன்.

"தெனமும் இப்பிடித்தான் கெடக்கு. சார் வந்ததும் மொதல்ல இதத்தான் தொறக்குறாரு. அதுக்குள்ள படத்தச் சுருக்கி, முட்டுக் குடுத்து நிறுத்திட்டு எந்திரிச்சுப் போறேன்."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"மொத வாரமே சொன்னேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

"அப்பறம் எதுக்கு வெள்ளனே வந்து எனக்காக இவ்வளவு?"

"ஒனக்காகவா? நல்லாருக்கே கத! மதுரைக்காரன் உள்ள வந்தான்னா பத்திரிகையையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவான். எம் பொழப்புக்கு எங்க போக?"

அந்தப் பதிலை நம்பினேன். அன்பாக ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மணி எட்டரை. அவர் சுருக்கிவைப்பதற்கு முன் தடுத்தேன். படப் பெட்டிக்குச் சிவப்பு, விவரப் பெட்டிக்கு மஞ்சள், இரண்டையும் சுமக்கும் பெரிய பெட்டிக்குப் பச்சை என்று நிறம் கொடுத்தேன். எது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று இப்போது கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்புக்கு இடப்புறம் தெரிந்த பச்சை எனக்கு அகலமாகப் பட்டது.

"ஸ்கேல் இருக்காண்ணே?"

பத்திரிகை அளக்கும் ஸ்கேலை எடுத்துவந்து அவரே திரையில் வைத்தார். பிறகு பின்னறைக்கு ஓடி என் திரையிலும் வைத்துப் பார்த்தார். "ஏ பாப்பா, சரியா ரெண்டு மடங்கு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

நான் விட்ட இருபதை அந்தப் பிரவுசர் நாற்பதாக எடுத்துக்கொண்டிருந்தது. கூடுதல் இருபதுக்கு இடமில்லாமல் விவரப் பெட்டி கீழே இறங்கியிருந்தது. ஏன் அப்படி எடுத்துக்கொள்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. படத்துக்கு வெளியே விட்டிருந்த இடத்தை நீக்கினேன். அதைப் பெரிய பெட்டியின் உள்விளிம்பில் கொடுத்து, அந்தப் பெட்டியின் அகலத்தில் இருபதைக் குறைத்தேன். தலைப்புக்கு முன்னால் தட்டியிருந்த வெற்றிடங்களையும் அழித்துவிட்டு, நடுவில் நில் என்று ஒரே வரி எழுதினேன். இரண்டு திரையிலும் பக்கம் நின்றது. நிறங்களை எடுத்தபோது ஒன்பதேகால்.

முதலாளி விடுதிக்காரம்மாவோடு வந்தார். கேபினில் பக்கத்தைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நேத்தும் இப்பிடித்தானேம்மா இருந்துச்சு? நீ ராத்திரி பகலா என்னத்தப் பாத்த?" என்றார்.

இத்தனை நாள் முட்டுக் கொடுத்தது யாரென்று எனக்கு வாய்வரை வந்தது. அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மப்ளரைச் சரிசெய்துகொண்டிருந்தார். விடுதிக்காரம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

விடுதிக்காரம்மாவுக்குப் பேரிக்காய் மரம் பிடித்துப்போயிற்று. "சரி, இதையே போடுங்க" என்றவர் எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்தார். "எங்க கெஸ்ட் எந்த ஊர்ல எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் இப்படித்தானே இருக்கும்?"

முதலாளி முந்திக்கொண்டு தலையாட்டினார். இரண்டு வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் ஆட்டியிருப்பேன்.

"நாளைக்குச் சொல்றேங்க" என்றேன். முதலாளி முறைத்தார்.

மதியமே பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டேன். அன்று மாலை பெருமாள்மலையில் இறங்கியதும் வீட்டுக்குத் திரும்பாமல், பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குள் போனேன். "இருக்கறதுலயே பழைய கம்ப்யூட்டர் எதுங்க?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூலையைக் காட்டினார். நாற்காலியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் எழுதிவந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பக்கம் மேலிருந்து மெதுவாக இறங்கத் தொடங்கியது. பையிலிருந்து அண்ணனின் ஸ்கேலை எடுத்துத் திரையின் இடது ஓரத்தில் வைத்தேன்.