பச்சைக் களிம்பு ஏறிய ரிவால்வர்

தபால்தலை சேர்ப்பவனைப் பார்த்தால் ஊர் "நல்ல பழக்கம்" என்கிறது, பழைய ரிவால்வர் சேர்ப்பவனைப் பார்த்தால் "வீட்டில் கேட்பார் யாருமில்லையா?" என்கிறது. அரசு அலுவலகத்தில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்ற நான், செங்கல்பட்டில் இந்த இரண்டாவது ரகம். சேர்த்தது மொத்தம் மூன்று. அதில் இரண்டு வெறும் துரு. மூன்றாவதைப் பற்றித்தான் இங்கே புலம்பப் போகிறேன். வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே எதையாவது துடைக்காமல் பாதுகாக்கும் சக நோயாளிகள் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தக் காலத்துத் தோட்டா வருவதற்கு முந்தைய ரிவால்வர் அது. உருளையில் ஐந்து குழி. ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, ஈய உருண்டையை வைத்து இடித்து இறுக்குவார்கள். குழிக்குப் பின்னால் ஒரு சின்ன முளை. முளையின் மேல் ஒரு செம்புத் தொப்பி. அதற்கு கேப் என்று பெயர். தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டுவோமே, அதே கதைதான். சுத்தியல் கேப்பின் மேல் விழும், பொறி உள்ளே போகும், குண்டு வெளியே வரும்.

பொறப்பு சர்டிபிகேட்டு

வாங்கியது மாமல்லபுரத்தில். கடற்கரைக்குப் போகும் வழியில் ரசாக் பாய் என்பவர் பழம்பொருள் கடை வைத்திருந்தார். 'பழம்பொருள்' என்றால், போன மாதம் வார்த்த பித்தளைத் துப்பாக்கியை உப்பு மணலில் புதைத்து எடுத்தது. வெள்ளைக்காரர்கள் கண் கலங்க வாங்கிப் போவார்கள். நான் அங்கே எட்டு வருடம் போய் வந்தேன், ஒன்றும் வாங்கவில்லை. அந்த விசுவாசத்துக்கோ என்னவோ, ஒருநாள் உள்ளே கூப்பிட்டு நிஜமான ஒன்றைக் கையில் கொடுத்தார்.

உருளை நகராது. அதைத் தள்ளிவிடும் இரும்பு நாக்கு உள்ளே முறிந்திருந்தது. விசையை அமுக்கினால் சுத்தியல் மட்டும் 'டக்' என்று ஒரே குழியின் முளையில் விழும். அந்தக் குழி காலி. இரண்டு குழி தள்ளி ஒரு முளையில் மட்டும் பச்சைக் களிம்பு மொத்தையாக ஏறியிருந்தது. நாக்கைச் சும்மாவே மாற்றித் தருகிறேன் என்றார் பாய். வேண்டவே வேண்டாம் என்றேன். பழையதில் கை வைத்தால் அது பழையதே இல்லை என்பது எங்கள் வேதம். களிம்பையாவது தேய்த்துத் துடைக்கலாமா என்று நான் சபலப்பட்டபோது அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "பச்சையில மட்டும் கைய வச்சிடாத சார், அதாங் இதுக்கு பொறப்பு சர்டிபிகேட்டு!"

இன்னொரு வாட்டி

என் மனைவி வசந்திக்கு அதைக் கண்டாலே ஆகாது. பூஜை அலமாரிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியது முதல் குற்றம். விளக்கேற்றும்போது முதுகில் யாரோ குறி வைப்பது போலிருக்கிறது என்பாள். "உள்ள இன்னா கீதுன்னு ஒரு வாட்டியாவது பாத்தீங்களா?" என்று மாதம் ஒருமுறை கேட்பாள். நூற்றைம்பது வருடக் காலி என்று நானும் மாதம் ஒருமுறை சொல்வேன்.

ஒரு பொங்கலன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் கவிதா புதுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வசந்திக்கு என்ன தோன்றியதோ, சுவரிலிருந்து ரிவால்வரை எடுத்து என் நெற்றிப்பொட்டில் வைத்தாள். டக். படம் கலங்கிவிட்டது என்று கவிதா கத்தினாள்: "அம்மா, இன்னொரு வாட்டி அமுக்கும்மா!" வசந்தி சிரித்துக்கொண்டே மறுபடி அமுக்கினாள். டக். படம் பளிச்சென்று விழுந்தது. நான் கல்லாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வசந்தி சொன்னாள்: "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல இன்னிக்கிதாங் நான் பேசறத வாய மூடிகினு கேக்குறீங்க."

சிரிப்பு போயிடும்

மூன்று வருடத்துக்கு முன் வசந்தி இறந்துபோனாள். சர்க்கரையில் ஆரம்பித்துச் சிறுநீரகத்தில் முடிந்தது. காரியத்துக்கு வைக்கப் படம் தேடினால், எல்லாவற்றிலும் ரேஷன் கார்டுக்கு நிற்பவள் போல நிற்கிறாள். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் அந்தப் பொங்கல் படம் ஒன்றுதான்.

கவிதா இப்போது கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறாள், ஐடி வேலை. அவள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் படத்தைக் கொடுத்தோம். என்னை வெட்டிவிடுவது சுலபமாக இருந்தது. ரிவால்வரையும் அழித்துவிட்டார்கள். ஆனால் அவள் வலது கை மட்டும் எதையோ பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. அதையும் எடுத்துவிடுங்களேன் என்றேன். ஸ்டுடியோக்காரர் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கைய எடுத்தா தோளு சாஞ்சிடுது சார், தோளு சாஞ்சா அம்மா சிரிப்பு போயிடுது."

மாலைக்குள் இன்றும் அந்தக் கை அப்படியே இருக்கிறது. தனியாக இருக்கிற வீட்டில் நான் பேச்சுக் கொடுப்பது அந்தக் கையிடமும், எதிர்ச்சுவரில் அது பிடித்திருந்த ரிவால்வரிடமும்தான். அதனால்தான் அடுத்து வந்த விஷயம் என்னை அப்படி உலுக்கியது.

இன்னா நஷ்டம்?

தேர்தல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். எங்கள் தெருப் புண்ணியவான் யாரோ என் பெயரையும் சொல்லிவிட்டார். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று சட்டத்தைச் சொன்னேன். ஸ்டேஷன் ரைட்டர் நிதானமானவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குழாயையும் ஐந்து குழிகளையும் வெல்டிங் வைத்து அடைத்து வாருங்கள், சுட முடியாது என்று எழுதித் தருகிறோம்; இல்லையென்றால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

ஒரு கீறல் விழக் கூடாது என்று காப்பாற்றியதை எரித்துக் குருடாக்க வேண்டும், அல்லது வசந்தியின் கை பட்டதை இழக்க வேண்டும். என் தவிப்பு அவருக்குப் புரியவே இல்லை. "சுடாதுன்னு நீங்கதான சொல்றீங்க? அப்ப அடைக்கிறதுல உங்களுக்கு இன்னா சார் நஷ்டம்?"

யாரு கையில?

வெல்டிங் பட்டறை மணி, செங்கல்பட்டில் எனக்குப் பழக்கமானவர். கேட் கம்பியும் டிராக்டர் ஏரும் பார்க்கிறவர். சூடு வைப்பதற்கு முன், உள்ளே ஒன்றும் இல்லையே என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பதினைந்து வருடமாக என் சுவரில் இருப்பதைப் பற்றி இவர் யார் கேட்க? அவர் ஒரு கம்பியை எடுத்து ஒவ்வொரு குழியிலும் விட்டு, நகத்தால் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். நான்கு குழிகளில் ஒரே ஆழம். ஐந்தாவதில் கம்பி பாதியிலேயே நின்றது. டார்ச் அடித்தார். அழுக்கு என்று நான் நினைத்திருந்தது ஈய உருண்டை.

அந்தக் குழியின் முளையில்தான் பச்சைக் களிம்பு. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தார். உள்ளே ஒரு கேப், நசுங்காமல் முழுசாக இருந்தது. சுத்தியல் விழும் குழியிலிருந்து இரண்டாவது குழி. நாக்கு முறியாமல் இருந்திருந்தால், அமுக்க அமுக்க உருளை ஒவ்வொரு குழியாக நகர்ந்து, இரண்டாவது அமுக்கில் அது சுத்தியலுக்கு நேராக வந்திருக்கும். மணி அதை ஈரச்சாக்கில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். "சார், இத யாராச்சும் கையில எடுத்து அமுக்கி வெளாடிகீறாங்களா?"

ரெண்டாவது வாட்டி

ஸ்டேஷனுக்குச் சொன்னோம், விவரம் தெரிந்தவர்கள் வந்து பக்குவமாக எடுத்துப் போனார்கள். மருந்து இத்தனை வருடத்தில் நமத்திருக்கும் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரைட்டர் போனில் சொன்னார்: உருண்டையை எடுத்து, மருந்தைத் தட்டில் கொட்டிப் பற்ற வைத்தார்களாம், குப்பென்று பிடித்துக்கொண்டதாம். ரிவால்வரைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

கவிதாவிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. வெறும் ஆணியைப் பார்த்துக் கேட்டாள், சொல்லிவிட்டேன். என் தலை போயிருக்குமே என்பதல்ல எனக்கு வலித்தது. அதன் பிறகு வசந்தி எப்படி உயிரோடு இருந்திருப்பாள் என்பதுதான். மாதாமாதம் கேட்டாளே, ஒரு கம்பியை விட்டுப் பார்க்க எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? கவிதா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அம்மா படத்தின் முன் போய் நின்றாள். அந்தக் கையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, ரெண்டாவது வாட்டி அமுக்கச் சொன்னது நான்தாம்ப்பா."

பழையதை எதுவும் செய்யாமல் காப்பாற்றுவதே எங்கள் தர்மம் என்று பதினைந்து வருடம் பெருமையடித்துக்கொண்டேன். எங்கள் மூவரையும் காப்பாற்றியது, நான் செலவில்லாமல் மாற்றியிருக்கக்கூடிய ஒரு முறிந்த இரும்புத் துண்டு.