வெர்லீன் விழுங்கிய பெயர்

எங்கள் பால்டிமோர் சபையில், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சாட்சி சொல்வதில் வெர்லீன் டிப்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறையாவது எழுந்துவிடுவார்.

"எண்பத்தேழாம் வருசம், பெரிய வெள்ளி. ஈஸ்டருக்குப் போட ஒரு ஜோடி சிவப்பு ஷூவைக் கோட்டுக்குள்ள ஒளிச்சேன். போலீஸ் பிடிச்சுது. திங்கக்கிழமை நான் தபால் ஆபீஸ்ல வேலைக்குச் சேரணும்! கர்த்தர் கதவைத் திறந்தார். கேஸும் தள்ளுபடியாச்சு. என் பேர்ல இன்னைக்கு ஒரு கறை இல்ல!"

நான் பின்னால் ஆர்கனை முழக்குவேன். முன்வரிசையில் அவர் தங்கை டொரீத்தாதான் முதலில் எழுந்து கைதட்டுவார்.

டொரீத்தாவுக்கு வேலை ராசி கிடையாது. பள்ளிச் சமையலறை, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று எங்கே மனுப் போட்டாலும், "கூப்பிடறோம்" என்பார்கள்; கூப்பிட மாட்டார்கள். இன்றுவரை சலவைக் கடையில் இஸ்திரிதான். "நெருப்பில்லாமப் புகையுமா?" என்று பாடகர் குழுவில் நானே சொல்லியிருக்கிறேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

இந்த வசந்தத்தில் ஒரு மழலைப் பள்ளியும் அவரை வேண்டாம் என்றது. ஆனால் அவர்கள் காரணத்தையும் காகிதத்தில் அனுப்பினார்கள்: அவர் பெயரில் ஒரு கைதுப் பதிவு. பழைய கைதுப் பதிவுகளை அழித்துத் தரும் இலவசச் சட்ட முகாம் அந்த வாரச் சனிக்கிழமை எங்கள் சபைக் கூடத்தில் நடந்தது. டோக்கன் கொடுத்தது வெர்லீன், காபி ஊற்றியது நான்.

டொரீத்தா காகிதத்தை வக்கீல் பையன்முன் வைத்தார். "நான் ஜென்மத்துல ஸ்டேஷன் வாசப்படி மிதிச்சதில்ல தம்பி. யாரோ எவளோ பண்ணது."

அவன் கணினியில் தேடி வாசித்தான். "எண்பத்தேழு ஏப்ரல் பதினேழு. கடையில திருட்டு. சிவப்பு ஷூ, ஒரு ஜோடி. கேஸ் கைவிட்டுட்டாங்க. ஆனா கைதுப் பதிவு அப்படியே இருக்கு. பேரும் பிறந்த தேதியும் உங்களோடதுதாம்மா."

கூடத்தில் எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.  டொரீத்தா மெல்ல அக்கா பக்கம் திரும்பினார்.

வெர்லீன் முகத்தைப் பார்க்க எனக்கே கூசியது. "பேர் கேட்டாங்கடி. வேலை போயிடுமேன்னு உன் பேரையும் பொறந்த தேதியையும் சொல்லிட்டேன். கேஸோட அதுவும் போச்சுன்னு நெனச்சேன்."

"போகலன்னு எப்போ தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரி வேலை கிடைக்கலன்னு அழுதுட்டு வந்தியே, அப்பவே சந்தேகம்."

"அது தொண்ணூத்தி மூணுக்கா!"

"வெக்கமா இருந்துச்சுடி. சொல்ல வாய் வரல."

"சாட்சி சொல்ல மட்டும் வந்துச்சா? நான் எழுந்து நின்னு கைதட்டினேனே!"

 செய்தது தான்தான் என்று வெர்லீன் எழுதிக் கொடுத்து, கைரேகையும் தந்தால் பதிவை அழிப்பது சுலபம் என்றான் வக்கீல். வெர்லீன் கையெழுத்துப் போட்டார்.

"மூணு மாசத்துல அழிஞ்சிடும்மா."

"அப்போ எனக்கு அறுபது வயசு தம்பி," என்றார் டொரீத்தா.

வாசலில் வெர்லீன் தங்கையின் கையைப் பிடித்தார். "இனிமே நான் சாட்சியே சொல்ல மாட்டேன்டி."

"சொல்லணும். கோர்ட்டுல அழிச்சாப் போதுமா? என்னைப் பத்தி இந்தச் சபையில பேசாத வாய் இருக்கா?"

நான் காபிக் குவளைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் வெர்லீன் சாட்சி சொல்ல எழுந்தார். பெரிய வெள்ளி, ஷூ, போலீஸ் எல்லாம் வந்தது. பிறகு குரல் கிணற்றுக்குள் போனது. "நான் அன்னைக்குக் குடுத்த பேரு... டொரீத்தா டிப்ஸ்."

நான் ஆர்கனிலிருந்து கையை எடுத்தேன்.

டொரீத்தா முன்வரிசையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சத்தமாச் சொல்லுக்கா. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."