ஸ்கேனுக்குத் தனியாகப் போன நாள்

2008இல் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவர் குவைத்தில் வேலை பார்த்தார். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் நான் மட்டும். மாமியார் வீடு குறிஞ்சிப்பாடியில். அங்கிருந்தே வேலைக்குப் போய் வரலாமே என்று அவர்கள் சொன்னதற்கு, பஸ் அலைச்சல் ஜாஸ்தி என்று மறுத்துவிட்டுத் தனியாக வந்தவள் நான். அதனால் எது நடந்தாலும் அங்கே சொல்லத் தயக்கம்.

மழை விட்ட ஒரு காலையில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வலது பாதம் ஒரு கல்லின் மேல் பட்டு உள்பக்கமாக மடங்கியது. உடம்பின் கனம் முழுக்க அதன் மேல் இறங்கியதில் விழுந்துவிட்டேன். எழுந்து, நொண்டிக்கொண்டே அலுவலகம் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கி, செருப்புக்குள் கால் நுழையவில்லை. சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன்.

அவர் வீக்கத்தை அதிகம் கவனிக்கவில்லை. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டார். எலும்பில் வலிக்கவில்லை, அதற்குக் கீழே சதையில்தான் வலித்தது. எழுந்து நாலு அடி நடக்கச் சொன்னார். நடந்தேன்.

"எலும்பு உடையலம்மா. ஜவ்வு கிழிஞ்சிருக்கு. எக்ஸ்ரேகூட வேணாம்."

"ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா சார்?"

"இப்ப எடுத்து என்ன பண்ணப் போறோம்? எவ்வளவு கிழிஞ்சிருந்தாலும் இதே ஐஸ், இதே கட்டு, இதே பயிற்சிதான். முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே சேந்துடும். ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் பாப்போம். அப்பவும் வலி விடலன்னா, இல்ல நடக்கும்போது கால் மடங்கி மடங்கிப் போச்சுன்னா வாங்க. அப்ப எடுத்தா பிரயோஜனம் உண்டு. நடுவுல கால ஊனவே முடியலன்னா மட்டும் உடனே வந்துடணும்."

ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டார். என்னிடம் ஃபிரிட்ஜ் இல்லை. கீழ்வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன். அதேபோல் பின்னோக்கி ஏறினேன். மேலே வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் கரைந்து புடவை நனைந்திருந்தது. அன்றைக்கு அழுதது வலியால் இல்லை.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து அவர் போன் செய்தார். "ஸ்கேன் எடுத்துடேன், எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "கீழ்வீட்டுல இருக்காங்க" என்றேன். கீழ்வீட்டில் இருந்தார்கள்தான்.

வீக்கம் வடிந்தது. வலியும் குறைந்தது. ஆனால் சமதளமான ரோட்டில் போகும்போதுகூட, ஒன்றுமே இல்லாத இடத்தில், கால் சட்டென்று மடங்கிவிடும். ஒருநாள் மார்க்கெட் வாசலில் அப்படி விழுந்தேன். தக்காளியைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். அதன்பிறகு சுவரோரமாகவே நடக்கப் பழகினேன். இரண்டு மாதம் ஆனதும் டாக்டரிடம் திரும்பப் போனேன். ஒரு கையால் என் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டு, மறு கையால் குதிகாலை முன்னால் இழுத்துப் பார்த்தார். இடது காலிலும் அப்படியே செய்தார்.

"இது நழுவுது. அது நழுவல. இப்ப ஸ்கேன் எடுத்துடலாம்" என்று சிதம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அகலப்பாதை வேலைக்காக ரயில் நின்றுபோயிருந்த காலம். பஸ்ஸில்தான் போனேன். அங்கே ஸ்கேன் அறை வாசலில் ஓர் ஊழியர் கேட்டார்: "கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"நகை எதுவும் உடம்புல இருக்கக் கூடாது. தாலிகூட. யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

யாரிடம் கொடுப்பது? அவர் உள்ளே போய்விட்டார். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெஞ்சில் இருந்த ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கக் கணவரைக் கூட்டி வந்திருந்தாள். "எங்கிட்ட குடு. நான் எங்க போயிடப் போறேன்?" என்றாள். தாலிச் செயினையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலைத்தான் மிஷினுக்குள் விட்டார்கள். தலை வெளியேதான் இருந்தது. கொஞ்சமும் அசையக் கூடாது என்றார்கள். தகரத்தை அடிப்பதுபோல் சத்தம். கை தானாகக் கழுத்துக்குப் போகப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

வெளியே வந்தால் பெஞ்சு காலி.

என்ன செய்வது என்றே தெரியவில்லை. மாமியாரிடம் என்ன சொல்வது, அவரிடம் என்ன சொல்வது. வராந்தா முழுக்க நொண்டி நொண்டித் தேடினேன். கடைசியில் பாத்ரூம் பக்கத்திலிருந்து கணவரைத் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "அய்யோ, பயந்துட்டியா? இவருக்கு அவசரமாயிடுச்சிம்மா" என்றாள். முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, நான் போட்டுக்கொள்ளும்வரை அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஒன் ஊட்டுக்காரரு எங்க?"

"குவைத்துலக்கா."

அவள் தூக்குவாளியைத் திறந்து இரண்டு இட்லி எடுத்து வைத்தாள். மூவரும் அந்த பெஞ்சிலேயே சாப்பிட்டோம். அந்த வருஷத்தில் இன்னொருவர் எடுத்து வைத்து நான் சாப்பிட்ட நாட்கள் அதிகமில்லை.

ஸ்கேனில் ஒரு ஜவ்வு முழுக்கவும், பக்கத்து ஜவ்வு பாதியும் கிழிந்திருந்தது தெரிந்தது. "ஆபரேஷன்னு அவசரப்பட வேணாம். மொதல்ல முறையா பயிற்சி" என்றார் டாக்டர். கணுக்காலுக்கு உறை போட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழகினேன். பிறகு பிடிக்காமல். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. தெருவில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ. நாலைந்து மாதத்தில் கால் மடங்குவது நின்றது. ஆபரேஷன் தேவைப்படவில்லை.

ஸ்கேன் எடுத்த வாரம் கணவர் போன் செய்தபோது, தாலியைக் கழற்றியது முதல் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தனியாவா போன? ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றார்.