தடி எழுத்தில் நாலு எழுத்து

ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைக்கும் பில் புத்தகத்துக்கும் ஈய எழுத்து. நாடகம், தேர்தல், மாட்டுச் சந்தை என்றால் மர எழுத்து. தடி எழுத்து என்போம். அதைச் செதுக்கியவன் கெட்டிக்காரன். கோடு தடித்தால் சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைந்துபோகும். அதனால் சுழிகளை மெலியவிட்டு, பருமனையெல்லாம் அடிவயிற்றில் இறக்கியிருந்தான். தெருமுனையில் நின்றே படிக்கலாம். ரோஸ் தாளில் அந்த எழுத்து விழுந்தால், பெயருக்கு உரியவன் அரையடி வளர்ந்த மாதிரி இருக்கும்.

யார் பெயரைத் தடியில் போடுவது என்பதற்கு வரிசை உண்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன். மிருதங்கம் கடைசி வரியில், பொடி எழுத்தில்.

கீரமங்கலம் பக்கத்து மிருதங்கக்காரர் ஒருவர்தான் அவர்கள் நாடகக் கம்பெனிக்கு நோட்டீஸ் கட்டு வாங்க வருவார். வரும்போதெல்லாம் மர எழுத்துகளை விரலால் தடவிப் பார்ப்பார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ எம்பேரையும் தடியில போடுங்களேன். நாலே எழுத்துதான்."

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அம்சம் இருக்கு கழுதை மேய்க்க," என்றேன். எனக்கு வாய் அதிகம். அவர் சிரித்துக்கொண்டே கட்டைத் தூக்கிப் போனார்.

பொன்னமராவதி நாடகத்துக்கு அடித்தபோதும் கேட்டார். அந்த நோட்டீஸில் இடம்கூட இருந்தது. ராஜபார்ட் சண்டைக்கு வருவாரே, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாசியில் மஞ்சள் காமாலையில் அவர் இறந்துபோனார். கருமாதிக் கடிதம் அடிக்க மைத்துனர் வந்தார். அதற்குக் கறுப்புக் கரையும் ஈய எழுத்தும்தான் முறை. நான் யாரையும் கேட்கவில்லை. தடியிலேயே சிறிய அளவாகப் பார்த்து, பெயரை மட்டும் அதில் கோத்தேன். கரைக்குக் கரை நிறைந்து நின்றது. கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று மனசு கொஞ்சம் ஆறியது.

கருமாதி கழிந்து, அந்த மைத்துனரோடு மிருதங்கக்காரரின் மனைவி வந்தார். படிக்கத் தெரியாதவர். அந்த நாலு எழுத்து மட்டும் தெரியும். கணவர் மண்ணில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

"பெருசாப் போட்டிருந்தீங்கண்ணே. ஒண்ண எடுத்துப் பொட்டிக்குள்ள வச்சிருந்தேன். எங்க மாமியா பாத்துட்டு, சாவுக் காயிதத்த வீட்டுல வைக்கலாமான்னு கிழிச்சு எறிஞ்சுட்டாங்க. வேற ஒண்ணு இருக்குங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருமாதிக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நானே எத்தனையோ கிழித்திருக்கிறேன். அச்சாபீஸிலும் ஒன்றைக்கூட மிச்சம் வைப்பதில்லை. அந்த மனிதரின் பெயரை முதல்முதலாகப் பெரிதாகப் போட்டதே ஊரெல்லாம் கிழித்துப் போடுவதற்காக என்று ஆகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவசர அவசரமாக அந்த நாலு எழுத்தையும் பெட்டியிலிருந்து எடுத்தேன். "இருங்க தாயி, நாடக நோட்டீஸ் மாதிரியே ரோஸ் தாள்ல அடிச்சுத் தாரேன். அத யாரும் கிழிக்க மாட்டாங்க."

அவர் சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீஸ்களைப் பார்த்தார்.

"அவரு வாசிக்காத நாடகத்துக்காண்ணே?"

அவர்கள் வெறுங்கையோடு இறங்கித் தெரு திரும்பும்வரை நாலு எழுத்தும் என் கையிலேயே இருந்தன.