சனிக்கிழமை அறுந்த கோடு

இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்யும் ஒரு யூனிட்டில் கம்ப்யூட்டர் ஹஃபீஸாவின் பொறுப்பு. அது சனிக்கிழமை மத்தியானமானால் தானாக அணைந்துவிடும். சரக்கேற்ற வந்த லாரி காத்து நிற்கும், பெட்டிகளில் ஒட்ட லேபிள் அச்சாகி வராது.

முதலாளி அழகுராஜா யோசிக்காமலே குற்றவாளியைக் கண்டுபிடித்தார்: வாட்ச்மேன் மொக்கைச்சாமி. ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் தேடிப்போய் அணைக்கிறவர். ஒருமுறை முதலாளி கழிவறைக்குள் இருக்கும்போதே அணைத்துவிட்டார். அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தது. இனி ஒரு சனிக்கிழமை அணைந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று தீர்ப்பாகிவிட்டது.

"அந்தப் பொட்டியக் கண்டாலே எனக்குப் பயம் தாயி, நானா தொடுவேன்?" என்றார் மொக்கைச்சாமி.

ஹஃபீஸா நம்பினார். பெட்டிக்குள் இருக்கும் சூட்டை ஓயாமல் அளந்து கோடாக வரையும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டார்.

அந்தக் கோடு யூனிட்டின் ஜாதகத்தையே எழுதியது. தறி ஓடினால் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் இறங்கியது. கரண்ட் போன இடத்தில் துண்டாக நின்றது. மலையில் சாரல் விழுந்த மாலையில் ஒரு சிறு பள்ளம். மேற்கே மழை பெய்த செய்தி மேசைக்கடியில் கிடக்கும் தகரப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது! தறிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பால்ச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தார்.

"நம்ம பாக்காதப்பவும் இது நம்மளப் பாத்துக்கிட்டே இருந்திருக்குக்கா" என்றாள் தறிக்கார பாண்டீஸ்வரி, குரலைத் தாழ்த்தி.

சனிக்கிழமை கோடு அறுந்தது. முதலாளி மொக்கைச்சாமியைக் கூப்பிட்டனுப்பினார்.

ஹஃபீஸா வாரம் முழுவதையும் ஒரே படமாக விரித்தார். திங்களன்று தாழ்ந்து கிடந்த சூடு நாளுக்கு நாள் ஏறி, சனியன்று எல்லை தாண்டியதும் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. திங்களன்று அப்படி என்ன விசேஷம்? அவர் மேசைக்கடியில் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பஞ்சுத்தூசி புகாதிருக்கக் கட்டுத்துணியை நாலு மடிப்பாக மடித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டியவர் அவரேதான். துணியை மாற்றுவது திங்கட்கிழமை. வாரக்கடைசியில் தூசி அடைத்துப் பெட்டிக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

படத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும். ஹஃபீஸா முதலாளியையும் மொக்கைச்சாமியையும் அழைத்துவந்து காட்டினார்.

"அவிய அணைக்கல சார். நான் கட்டுன துணி அணைச்சிருக்கு."

முதலாளி கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் நாற்காலியை இழுத்து வாட்ச்மேனிடம் தள்ளினார். முதலாளிமார் மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் நாற்காலி மூலமாகத்தான்.

மொக்கைச்சாமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார்.

"இதுல நான் எங்க தாயி இருக்கேன்?"

"நீங்க இதுல இல்லண்ணே."

"அப்பச் சரி" என்று எழுந்து கேட்டுக்குப் போனார்.