மூடுபனியில் கேட்ட டின் சத்தம்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, கூக்காலிலிருந்து வரும் கடைசி பஸ் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்றது. என் மகள் அதிலிருந்து இறங்கவில்லை. மலை விவசாயிகள் பேசுவதைக் கல்லூரிக்காகச் செல்போனில் பதிவுசெய்யப் போயிருந்தாள். கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டேன். பிறகு மணி அடிப்பதும் நின்றுபோயிற்று. வாசலில் மூடுபனி இறங்கியது. அதைப் பார்த்ததும் எட்டு வயதில் எனக்கு நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

நான் பிறந்ததும் கூக்கால்தான். எங்கள் தோட்டத்தில் பூண்டும் பீன்ஸும் போட்டிருந்தோம். காட்டுமாடு தோட்டத்தில் இறங்கினால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி விரட்டுவார்கள். "டின் சத்தம் கேட்டா அந்தப் பக்கம் போவாத புள்ள. மாடு மெரண்டு ஓடியாரும். வெரசா மரத்துல ஏறிக்க." அப்பா எனக்குக் கற்றுத்தந்த ஒரே விவசாயப் பாடம் இதுதான்.

ஒருநாள் தோட்டத்திலிருந்து தனியாகத் திரும்பும்போது மூடுபனியில் வழி தவறிவிட்டேன். அழலாமா என்று யோசித்த நேரத்தில் டின் சத்தம் கேட்டது. அழுகையை ஒத்திவைத்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடி ஒரு பேரிக்காய் மரத்தில் ஏறிக்கொண்டேன். சத்தம் நெருங்க நெருங்க இன்னும் ஒரு கிளை மேலே போனேன். அப்பா சொன்னபடியே செய்ததில் எனக்குப் பெருமை வேறு.

கடைசியில் மரத்தடிக்கு வந்தது அம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது. கையில் நசுங்கிய டின்.

"காட்டுமாடு இல்லடி. நாந்தேன். ஒன்னியத்தேன் கூப்புட்டேன்."

அதற்குப் பிறகு மாடு வந்தால் அம்மா உடனே டின்னை எடுப்பதில்லை. முதலில் என்னைத் தேடி வந்து தொட்டுப் பார்ப்பாள். அதற்குள் பீன்ஸ் பாத்தி பாதி காலியாகியிருக்கும். "மாடு திங்குது, நீ மகளைக் கொஞ்சிக்கிட்டு கெட" என்று அப்பா கத்துவார். அம்மாவுக்குச் சுறுசுறுப்புப் போதாது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இரவு ஏழரைக்கு, முட்டைக்கோஸ் ஏற்றிவந்த வேனிலிருந்து மகள் குதித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன்.

"பூண்டு நடுறதப் பத்தி ஒரு பெரியவர் அருமையாப் பேசுனாரும்மா. நடுவுல நீங்க கூப்ட்டுக்கிட்டே இருந்தீங்க. ரெக்கார்டிங் கெட்டுப்போயிரும்னு போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டேன்."